‘உன் கதையைச் சொல்’ என்று தொடங்காதீர்கள்: தெருவில் வாழ்ந்த பிள்ளைகளோடு கதைப் பயிற்சி நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அசாமின் திப்ருகரில் புறப்படும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கன்னியாகுமரியில் நிற்கிறது. அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. வீட்டைவிட்டு ஏதோ ஒரு வண்டியில் ஏறிய பிள்ளை வந்து இறங்கக்கூடிய கடைசி ஊர் இது. அப்படி வந்தவர்களும், இந்த மாவட்டத்திலேயே பேருந்து நிலையங்களிலும் கடற்கரையிலும் படுத்துறங்கி வளர்ந்தவர்களும் இன்று குழந்தைகள் இல்லங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கதை எழுதவும் நடிக்கவும் கற்றுத்தர நல்லெண்ணத்தோடு வருபவர்கள் பெரும்பாலும் முதல் நாளிலேயே தவறு செய்துவிடுகிறார்கள்.

அந்தத் தவறு, “உனக்கு என்ன நடந்தது, சொல்” என்று கேட்பது. காவலர், குழந்தைகள் நலக் குழு, இல்லக் காப்பாளர், ஆற்றுப்படுத்துநர் என்று பலரிடம் அந்தப் பிள்ளை இதே கேள்விக்குப் பதில் சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அந்தப் பதிலைப் பொறுத்தே அடுத்த வேளைச் சோறும் படுக்கையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவதும் முடிவாகியிருக்கின்றன. ஆகவே கேட்பவருக்கு எது பிடிக்கும் என்று பார்த்துச் சொல்ல அது பழகியிருக்கும். மழை பெய்தால் ஒதுங்க எந்த மூலை நல்லது, விடியற்காலையில் யார் டீ கொடுப்பார், எந்த நாய் கூடவே வரும் என்று இடத்தையும் பொருளையும் பற்றிக் கேளுங்கள். தான் நன்கு அறிந்ததைப் பேசும்போது பிள்ளையின் குரலே மாறுவதைக் காண்பீர்கள்.

சொல்வது உண்மையா என்று ஆராய்வது அடுத்த தவறு. அப்பா கப்பல் மாலுமி என்று ஒரு சிறுமி எழுதினால், பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துத் திருத்தாதீர்கள். புனைவதற்கு அவளுக்கும் உரிமை உண்டு. நம் மாவட்டத்தின் தோல்பாவைக்கூத்தில் ஆட்டுபவர் திரைக்குப் பின்னால் அமர்ந்து எல்லாப் பாத்திரங்களுக்கும் தாமே குரல் கொடுக்கிறார். தன் முகத்தைக் காட்டாமல் பேச விரும்பும் பிள்ளைக்கு அட்டையில் வெட்டிய ஒரு பாவையும் வேட்டித் திரையும் போதும். வில்லுப்பாட்டும் இங்கே உதவும்: முதன்மைப் பாடகர் சொல்லச் சொல்ல, உடனிருப்பவர்கள் “ஆமா” என்று ஏற்றுக்கொண்டே வருவார்கள். யாரும் ஏற்றுக் கேட்டிராத ஒரு பிள்ளைக்கு அந்த “ஆமா” எவ்வளவு பெரியது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மொழியைத் திருத்துவதையும் தவிர்க்க வேண்டும். மலையாளம் கலந்து பேசும் விளவங்கோட்டுப் பக்கத்துப் பிள்ளை “வெள்ளம் குடிச்சேன்” என்று எழுதினால் ‘தண்ணீர்’ என்று சிவப்பு மையால் மாற்றாதீர்கள். இந்தியோ வங்காளமோ பேசும் பிள்ளை முதலில் தன் மொழியிலேயே சொல்லட்டும்.

மிகவும் தீங்கானது, நன்கொடையாளர் முன்னால் பிள்ளையை மேடையேற்றித் துயரத்தைச் சொல்லவைப்பது. பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள், அது போதாது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி மட்டுமன்றி, அடையாளம் காட்டக்கூடிய எந்த விவரத்தையும் ஊடகங்களிலோ வேறு தகவல் தொடர்பு வடிவங்களிலோ வெளியிடுவதைத் தடைசெய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சிறிய ஊரில் கையிலுள்ள தழும்பையும் அப்பாவின் தொழிலையும் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும்.

“யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கதைக்குள்ளிருந்து பாலியல் வன்முறை வெளிப்பட்டால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். இதைப் பயிற்சி தொடங்கும் முன்பே பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்லிவிடுங்கள். நம்பிச் சொன்ன பிறகு தெரியவந்தால் அதைத் துரோகமாகவே கருதுவார்கள்.

கதை மகிழ்ச்சியாக முடிய வேண்டும் என்று வற்புறுத்துவதும், ஒரு வாரம் வந்து பழகிவிட்டுச் சொல்லாமல் போய்விடுவதும் வேண்டாம். கடைசி நாள் எது என்பது முதல் நாளே பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுதிய நோட்டுகளை இல்லத்தின் அலமாரியில் பூட்டிவைக்காமல் எழுதியவர்களிடமே கொடுத்துவிடுங்கள். ஒரு பக்கத்தை நகலெடுக்க வேண்டுமென்றாலும் அவர்களைக் கேளுங்கள், வேண்டாம் என்று தலையசைத்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள்.