பறவைக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றுவது பற்றிய ஆய்வுகளை எப்படிப் படிப்பது

பறவைக் காய்ச்சல் வைரஸ்களில் ஒன்றான எச்5என்1 பற்றிய செய்தி எதைத் திறந்தாலும் "தொற்றியவர்களில் பாதிப் பேர் இறக்கிறார்கள்" என்ற வரி இருக்கும். அது பொய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2003 முதல் 900க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியாகியிருக்கிறது, அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இறந்தும் போனார்கள். ஆனாலும் ஒரு ஆய்வுக் கட்டுரை கையில் கிடைத்தால் இறப்பு எண்ணிக்கையைத் தேடும் முன் யாருக்கெல்லாம் பரிசோதனை செய்தார்கள் என்று தேடுங்கள். 'ஆய்வு முறைகள்' என்ற பகுதியில் அது இருக்கும். சலிப்பாக இருக்கிறது என்று பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகிற பகுதியும் அதுதான்.

மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் மட்டும் மாதிரி எடுத்தால், இரண்டு நாள் காய்ச்சலோடு வீட்டிலேயே படுத்து எழுந்தவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார், அப்போது இறப்பு விகிதம் தானாகவே ஏறித் தெரியும். இதற்கு நேர்மாறாக 2024இல் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கு எச்5என்1 பரவியபோது, பண்ணைத் தொழிலாளிகளைக் கண்காணித்து, கண் சிவந்தவர்களைக்கூடப் பரிசோதித்தார்கள். 2025 தொடக்கத்துக்குள் கிட்டத்தட்ட 70 பேருக்கு உறுதியானது, பெரும்பாலோருக்கு லேசான நோய்தான், ஒருவர் மட்டும் இறந்தார். சரி, வைரஸ் வலுவிழந்துவிட்டதா என்றால் அப்படி அவசரப்பட முடியாது. வைரஸின் கிளை வேறு, தொற்றிய வழி வேறு, மருந்து கிடைத்த வேகம் வேறு, தேடிய விதமும் வேறு. இத்தனை வித்தியாசம் இருக்கும்போது அந்தப் பாதியையும் இந்த எழுபதில் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

விடுபட்டவர்களைக் கண்டுபிடிக்க ஒரு வழி இரத்தப் பரிசோதனை. தொற்று வந்து போனவரின் இரத்தத்தில் எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, தங்கியிருக்கும். மிச்சிகன், கொலராடோ மாநிலங்களில் மாட்டுப் பண்ணைத் தொழிலாளிகள் 115 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 8 பேரிடம் அதற்கான அடையாளம் இருந்தது, அந்த எட்டுப் பேரில் நான்கு பேருக்குத்தான் உடம்பு சரியில்லாமல் போனது நினைவிருந்தது. மற்ற நால்வரும் எந்தப் பட்டியலிலும் வந்திருக்கவே மாட்டார்கள்!

ஆனால் இரத்தப் பரிசோதனையையும் கண்ணை மூடி நம்பக் கூடாது. நமக்கு வழக்கமாக வரும் ஃப்ளூவுக்கு உருவான எதிர்ப்பொருள் எச்5 (எச்5என்1இன் மேற்புரதம்) சோதனையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளலாம். அதனால் எந்த அளவுக்கு மேல் போனால் 'தொற்று இருந்தது' என்று எடுத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். இரத்தச் சீரத்தை, அதாவது இரத்தத்தின் தெளிந்த நீர்ப் பகுதியை, 80 மடங்கு நீர்க்கச் செய்த பிறகும் அது வைரஸைத் தடுக்க வேண்டும், வேறொரு முறையிலும் அது உறுதியாக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவுகோல். 2012இல் ஆய்வாளர்கள் சிலர் 20 ஆய்வுகளைத் திரட்டி, 12,000க்கும் மேற்பட்டவர்களின் முடிவுகளைப் பார்த்து, 1 முதல் 2 சதவீதத்தினருக்குத் தொற்று வந்து போயிருக்கலாம் என்று எழுதினார்கள். உடனே மற்ற ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியது இந்த எல்லைக் கோட்டைப் பற்றித்தான். கோட்டைத் தளர்த்தினால் சதவீதம் ஏறும், இறுக்கினால் இறங்கும்.

அப்புறம், மாதிரியை உடம்பில் எங்கே எடுத்தார்கள்? ஃப்ளூ என்றாலே மூக்கில் குச்சி விடுவது பழக்கமாகிவிட்டது. பறவை வைரஸ் செல்லில் பற்றிக்கொள்ள விரும்பும் ஆல்ஃபா 2,3 வகைச் சர்க்கரை முனைகள் நம் மூக்கிலும் தொண்டையிலும் குறைவு, நுரையீரலின் ஆழத்திலும் கண் சவ்விலும் அதிகம். நெதர்லாந்தில் 2003இல் எச்7என்7 என்ற இன்னொரு பறவைக் காய்ச்சல் வைரஸ் பரவியபோது உறுதியான 89 பேரில் பெரும்பாலோருக்கு வந்தது கண் அழற்சிதான், ஆனால் ஒரு கால்நடை மருத்துவர் நிமோனியா வந்து இறந்தார். ஆகவே மூக்கு மாதிரி மட்டும் எடுத்து 'தொற்று இல்லை' என்று சொல்லும் ஆய்வைப் பார்த்தால், கண்ணில் எடுத்தார்களா, நோய் முற்றியவரிடம் மூச்சுக்குழாய்ச் சளியை எடுத்தார்களா என்று தேடிப் பாருங்கள்.

வைரஸின் பெயரும் ஒரு தடயம். ஏ/பெருவாத்து/குவாங்டாங்/1/96 என்று நடுவில் விலங்கின் பெயர் இருந்தால் விலங்கிடமிருந்து எடுத்தது, ஏ/ஹாங்காங்/156/97 என்று விலங்கின் பெயர் இல்லாமல் இருந்தால் மனிதரிடமிருந்து எடுத்தது. இரண்டாவது, 1997இல் ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்களே, அந்தப் பரவலின் முதல் நோயாளியான மூன்று வயதுச் சிறுவனிடம் எடுத்த வைரஸ்.

'ஆபத்தான மரபு மாற்றம் கண்டுபிடிப்பு' என்ற தலைப்பு வந்தால் பதறாமல் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, அந்த மாற்றம் இருந்த நோயாளிக்கு என்ன ஆனது. வைரஸ் பெருகப் பயன்படும் பிபி2 என்ற புரதத்தில் 627ஆவது இடத்தில் வரும் மாற்றம் பாலூட்டிகளின் உடம்பில் வைரஸ் பெருக உதவுகிறது என்பது வெகுநாளாகத் தெரிந்ததுதான், 2024இல் டெக்சாஸ் தொழிலாளியின் வைரஸில் அதே மாற்றம் இருந்தும் அவருக்குக் கண் சிவந்ததோடு முடிந்துவிட்டது. மற்றொன்று, சோதனையில் எந்த வைரஸைப் பயன்படுத்தினார்கள். 2012இல் ஃபெரெட் என்னும் சிறு விலங்குகளுக்கிடையே எச்5 காற்றில் பரவும்படி செய்த இரண்டு ஆய்வுகள் உலகையே உலுக்கின, ஆய்வாளர்களே முன்வந்து அத்தகைய சோதனைகளைச் சில காலம் நிறுத்தியும் வைத்தார்கள். ஆனால் அவற்றில் ஒன்றில் இருந்தது 2009 ஃப்ளூ வைரஸின் உடம்பில் எச்5இன் மேற்புரதத்தை ஒட்டிய கலப்பு வைரஸ். காற்று வழியாகத் தொற்றிய ஃபெரெட்கள் இரண்டு ஆய்விலுமே சாகவில்லை. செய்திகளில் இந்த இரண்டு விவரங்களும் பெரும்பாலும் விடுபட்டுப்போயின.

ஒரே குடும்பத்தில் பலருக்கு வந்தது என்று படித்தால் நோய் தொடங்கிய தேதிகளைக் காகிதத்தில் எழுதுங்கள். எல்லோருக்கும் ஒரே நாளை ஒட்டித் தொடங்கியிருந்தால் எல்லோரும் ஒரே கோழியைத் தொட்டிருக்க வாய்ப்பு அதிகம். தாய்லாந்தில் 2004இல் நடந்தது வேறு மாதிரி: நோயுற்ற மகளை மருத்துவமனையில் பார்த்துக்கொள்ள வேறு ஊரிலிருந்து வந்த தாய், கோழியோடு தொடர்பே இல்லாமல், சில நாள் கழித்து நோயுற்று இறந்தார். அதனால்தான் அதை மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியிருக்கக்கூடிய நிகழ்வு என்று எழுதினார்கள்.

கடைசியாக, தனி நோயாளிகளைப் பற்றிய அறிக்கை எதைப் படித்தாலும் காய்ச்சல் தொடங்கிய நாளுக்கும் ஓசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்தைக் கொடுத்த நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அந்த மருந்து நன்றாக வேலை செய்யும். பறவைகளைத் தொட்டீர்களா என்று யாராவது கேட்பதற்குள் அந்த நேரம் போய்விடலாம். நீங்களோ வீட்டில் யாராவதோ கோழி, வாத்து, மாடு என்று கையாள்பவராக இருந்தால், காய்ச்சலோ கண் சிவப்போ வந்ததும் மருத்துவர் கேட்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.