சென்னைக்குப் புதுசா? மார்கழி பஜனையில் சேருங்கள்

சேர்ந்து பாட ஆள் தேடுகிறீர்களென்றால் மார்கழி வரை பொறுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை விடிகாலையில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனைக் கோஷ்டிகள் பாடிக்கொண்டே சுற்றிவரும், கர்நாடக இசைப் பாடலாசிரியர் பாபநாசம் சிவன் முன்னின்று பாடிய அதே வீதிகள்தான். கபாலீசுவரர் கோயில் பக்கம் போய், கோஷ்டியின் கடைசியில் சேர்ந்து நடங்கள். முன்னால் பாடுபவர் ஓர் அடி சொல்வார், மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள், அதனால் பாட்டு தெரியாவிட்டாலும் இரண்டாவது சுற்றில் வாய் தானாகச் சேர்ந்துகொள்ளும். சுருதிதான் முக்கியம்: ஆர்மோனியம் காதில் விழும் தூரத்தில் இருங்கள், மேல் ஸ்தாயி எட்டவில்லையென்றால் கத்தாமல் கீழே பாடுங்கள். திருப்பாவையின் 30 பாசுரங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், நாளுக்கு ஒன்றாக முந்தின இரவே படித்தால் போதும். அப்புறம், முடிந்தவுடன் கிளம்பிவிடாதீர்கள், பெரியவர்களிடம் போய்ப் பெயர் சொல்லுங்கள், நாளைக்கு எத்தனை மணி என்று கேளுங்கள்.