பொது–தனியார் கூட்டுத் திட்டங்களை நாடாளுமன்றத்தின் வழியே கேள்விக்குட்படுத்துவது எப்படி?

அரசு தன் பணத்தில் ஒரு சாலை அமைத்தால், அதற்கான தொகை மானியக் கோரிக்கையாக மக்களவைக்கு வந்து வாக்கெடுப்பில் நிறைவேற வேண்டும். அதே சாலையைப் பொது–தனியார் கூட்டில் அமைக்கும்போது, குடியரசுத் தலைவரின் பெயரிலோ (அரசமைப்பின் 299ஆம் பிரிவு), ஆணையம் ஒன்றின் பெயரிலோ ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. அதற்கு அவையின் ஒப்புதல் தேவையில்லை. முப்பது ஆண்டுகளுக்குச் சுங்கக் கட்டணமாகவும், ஆண்டுத் தவணையாகவும், குறைந்த குத்தகைக்குக் கொடுத்த நிலமாகவும் மக்கள் செலுத்தும் விலை பட்ஜெட்டில் ஒரே இடத்தில் தெரிவதில்லை. ஆகவே இத்தகைய திட்டத்தைக் கண்காணிக்க விரும்புவோர் பட்ஜெட்டை மட்டும் நம்பியிராமல் ஒப்பந்தத்தைப் பின்தொடர வேண்டும். குறிப்பாக, ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அதில் செய்யப்பட்ட மாற்றங்களைப் பின்தொடர வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரின் உதவியாளர்கள், மாவட்டச் செய்தியாளர்கள், குடியிருப்போர் நலச் சங்கத்தினர் ஆகியோரை மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதல் வேலை ஆவணங்களைத் திரட்டுவது. அதிகாரிகள் ‘கன்செஷன் அக்ரிமென்ட்’ என்று குறிப்பிடும் உரிம ஒப்பந்தத்தை அதன் இணைப்புகள், துணை ஒப்பந்தங்கள், திருத்தங்கள் அனைத்துடனும் பெற வேண்டும். இணையத்தில் கிடைக்காவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். வணிக இரகசியம் என்ற காரணத்தால் மறுத்தால், அதே சட்டம் பொதுநலன் மேலோங்கும் இடத்தில் வெளியிட இடமளிக்கிறது என்பதை மேல்முறையீட்டில் எடுத்துரைக்க வேண்டும். அடுத்து, திட்டம் எந்த வகையைச் சேர்ந்தது என்று பாருங்கள். தனியார் கட்டிச் சுங்கம் வசூலிக்கும் வகையில் அரசுக் கணக்கில் ஏறத்தாழ எந்தத் தடயமும் இருக்காது. 2006 முதல் நடைமுறையில் உள்ள சாத்தியப்பாட்டு இடைவெளி நிதி (சொந்த வருவாயில் மட்டும் கட்டுப்படியாகாத திட்டத்துக்கு அரசு தரும் மானியம்) பெறும் திட்டமென்றால், பொதுவாகத் திட்டச் செலவில் 20 விழுக்காடு வரை மத்திய நிதி அமைச்சகத்தின் மானியத்திலிருந்து வரும். திட்டத்தை முன்வைக்கும் அமைச்சகமோ மாநில அரசோ மேலும் 20 விழுக்காடு வரை சேர்க்கலாம். நெடுஞ்சாலைகளில் 2016க்குப் பின் பரவிய கலப்பு ஆண்டுத்தவணை முறையில், கட்டுமானக் காலத்தில் 40 விழுக்காட்டை அரசு கொடுத்துவிட்டு, மீதியைப் பதினைந்து ஆண்டுகளில் தவணையாகச் செலுத்துகிறது. ஆண்டுத்தவணைப் பொறுப்புகள், அரசு அளித்த உத்தரவாதங்கள் பற்றிய அறிக்கைகள் பட்ஜெட் நாளில் வெளியாகும் வரவு பட்ஜெட்டின் பிற்சேர்க்கைகளில் இருக்கின்றன. பலரும் புரட்டாத பக்கங்கள் அவை; அங்கிருந்தே தொடங்குங்கள்.

இப்படித் திரட்டப்பட்ட பட்டியல் எவ்வளவு வலிமையானது என்பதற்குப் பிரிட்டன் ஒரு சான்று. அங்கு 1992இல் தொடங்கிய ‘தனியார் நிதி முனைவு’ எனும் பொது–தனியார் கூட்டுத் திட்டங்களைப் பற்றி 2018 ஜனவரியில் தேசியத் தணிக்கை அலுவலகம் அறிக்கை வெளியிட்டது. நடைமுறையில் இருந்த எழுநூற்றுக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு 2016–17இல் மட்டும் 1,030 கோடி பவுண்டு செலுத்தப்பட்டது என்றும், 2040கள் வரை இன்னும் 19,900 கோடி பவுண்டு செலுத்த வேண்டியிருக்கும் என்றும் அது கணக்கிட்டுக் காட்டியது. அதே மாதத்தில் இத்தகைய ஒப்பந்தங்களை எடுத்திருந்த கரிலியன் என்ற கட்டுமான நிறுவனம் திவாலாகி, லிவர்பூலில் கட்டப்பட்டு வந்த மருத்துவமனை பாதியில் நின்றது. அந்த ஆண்டு அக்டோபரில் நிதியமைச்சர் பிலிப் ஹாமண்ட் இம்முறையில் புதிய ஒப்பந்தங்கள் இனி இல்லை என்று அறிவித்தார். ஒவ்வொரு திட்டத்துக்கும் எதிர்காலத்தில் எவ்வளவு செலுத்த வேண்டும் என்ற விவரம் வெளியிடப்பட்டிருந்ததால்தான் அந்த விவாதம் எண்களோடு நடக்க முடிந்தது.

ஆவணங்கள் கைக்கு வந்தபின் கேள்வி நேரத்துக்குச் செல்லலாம். மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளும் 230 நட்சத்திரக் குறியிடாத கேள்விகளும் பட்டியலாகின்றன. குறைந்தது 15 முழு நாள்களுக்கு முன்பே அறிவிப்பு தர வேண்டும். ஒரு கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாய்மொழி விடை பெறும் நட்சத்திரக் கேள்வியில் துணைக் கேள்விகள் கேட்கலாம் என்பதால் அதற்கே மதிப்பு அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். கூட்டுத் திட்டங்களைப் பொறுத்தவரை எழுத்துவழி விடையே பெரிதும் பயன்படும் என்பது என் கருத்து. ஏனெனில் நமக்கு வேண்டியது அட்டவணை.

கேள்வியை எழுதும் முறையில்தான் பாதி வெற்றி இருக்கிறது. ‘இத்திட்டத்தில் முறைகேடு நடந்துள்ளதா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று ஒரு சொல்லில் விடை வரும். மாறாக, ஒப்பந்தத்தில் குறித்த திட்டச் செலவு எவ்வளவு, இன்று ஏற்கப்பட்டுள்ள செலவு எவ்வளவு, உரிமக் காலம் எத்தனை முறை, எந்தத் தேதிகளில், என்ன காரணத்தால் நீட்டிக்கப்பட்டது, பணி எல்லையில் செய்த மாற்றங்களுக்கு யார் ஒப்புதல் அளித்தார், நடுவர் தீர்ப்பாயங்களில் நிறுவனம் கோரியுள்ள தொகை எவ்வளவு, அரசு கோரியுள்ளது எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். நடுவர் தீர்ப்பாயக் கோரிக்கைகளை மறவாதீர்கள். கருவூலம் பின்னாளில் செலுத்தவிருக்கும் பெருந்தொகைகள் அங்கே சத்தமில்லாமல் வளர்கின்றன. ஒரே கேள்வியைப் பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு அதே சொற்களில் மீண்டும் கேட்பதும் நல்ல உத்தி. இரு விடைகளுக்கும் இடையிலான வேறுபாடே செய்தியாகும். விடை மழுப்பலாக இருந்தால் அரை மணி நேர விவாதத்துக்கு அறிவிப்பு தரலாம். ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது’ என்று அமைச்சர் சொன்னால் அது ஓர் உறுதிமொழியாகக் கருதப்படும். மூன்று மாதங்களுக்குள் அது நிறைவேற்றப்பட வேண்டும், இல்லையெனில் அரசு உறுதிமொழிகள் குழு காரணம் கேட்கும்.

அடுத்தது துறைசார் நிலைக்குழு. 1993இல் தொடங்கப்பட்டு இன்று 24 ஆக உள்ள இக்குழுக்கள் ஆண்டுதோறும் மானியக் கோரிக்கைகளை ஆராய்கின்றன. சாலை, துறைமுகம், விமான நிலையம் மூன்றுமே போக்குவரத்து, சுற்றுலா, பண்பாட்டுக் குழுவின் எல்லைக்குள் வருகின்றன. மெட்ரோ ரயிலுக்கு வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரக் குழுவை அணுக வேண்டும். குழு ஒரு பொருளை ஆய்வுக்கு எடுத்துப் பொதுமக்களின் கருத்தைக் கோரி விளம்பரம் செய்யும்போது மனு அனுப்பலாம். மனுவில் கோபத்தைக் குறைத்து, ஒப்பந்தக் கூறு எண்ணையும் பக்க எண்ணையும் தாருங்கள். குழுச் செயலகத்தினர் அதை அப்படியே அமைச்சகத்துக்கான வினாப்பட்டியலில் சேர்க்க முடியும். அனுப்பிய மனு குழுவின் ஆவணமாகிவிடுவதால், அறிக்கை அவையில் வைக்கப்படும் முன் அதை வெளியிடக் கூடாது.

இனி, இத்துறையின் கூர்மையான கருவிக்கு வருவோம். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 151ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டு, பொதுக் கணக்குக் குழுவின் ஆய்வுக்குச் செல்கிறது. மக்களவையிலிருந்து 15 பேரும் மாநிலங்களவையிலிருந்து 7 பேரும் கொண்ட அந்தக் குழுவின் தலைவர் 1967 முதல் மரபாக எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர். அமைச்சர் எவரும் அதில் உறுப்பினராக முடியாது. துறைச் செயலர்களே நேரில் வந்து விடை சொல்ல வேண்டும்.

அங்கே எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்குத் தில்லி விமான நிலையம் நல்ல பாடம். 2006 ஏப்ரலில் கையெழுத்தான ஒப்பந்தப்படி தனியார் தலைமையிலான கூட்டு நிறுவனம் வருவாயில் 45.99 விழுக்காட்டை இந்திய விமான நிலைய ஆணையத்துக்குத் தர வேண்டும். உரிமக் காலம் 30 ஆண்டு, மேலும் 30 ஆண்டு நீட்டிக்கத்தக்கது. 2012 ஆகஸ்டில் வெளியான தணிக்கை அறிக்கை, வணிகப் பயன்பாட்டுக்கான சுமார் 240 ஏக்கர் நிலம் ஆண்டுக்கு 100 ரூபாய் குத்தகையில் கொடுக்கப்பட்டதையும், அதிலிருந்து உரிமக் காலம் முழுவதிலும் 1,63,557 கோடி ரூபாய் ஈட்ட முடியும் என்ற மதிப்பீட்டையும் குறிப்பிட்டது. அந்தப் பெரிய எண்ணையே எல்லோரும் பற்றிக்கொண்டார்கள். அது பல பத்தாண்டு வருவாயை இன்றைய மதிப்புக்குக் குறைக்காமல் கூட்டிய தொகை என்று அமைச்சகமும் நிறுவனமும் மறுத்தன. விவாதம் எண் கணக்கிலேயே கரைந்தது.

அதே அறிக்கையில் இருந்த வலிமையான கண்டுபிடிப்பு வேறு. பயணிகளிடம் வளர்ச்சிக் கட்டணம் வசூலிக்கலாம் என்பது 2006 ஒப்பந்தத்தில் இல்லை. 2009 பிப்ரவரியில் அமைச்சகம் அனுமதி தந்து, மார்ச் முதல் உள்நாட்டுப் பயணிக்கு 200 ரூபாயும் வெளிநாடு செல்லும் பயணிக்கு 1,300 ரூபாயும் வசூலிக்கப்பட்டன. விமான நிலையக் கட்டணங்களுக்கான ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்காமல் இப்படி வசூலிக்க முடியாது என்று 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது. இங்கே நாடாளுமன்றம் கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது: இப்படியொரு வருவாய் கிடைக்கும் என்று ஏலத்தின்போதே தெரிந்திருந்தால் தோற்றவர்கள் வேறு விலை சொல்லியிருப்பார்களா? எந்தத் திட்டத்தில் எந்தத் திருத்தம் வந்தாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். நீங்கள் ஒரு பெரிய தொகையைக் குறிப்பிட நேர்ந்தால், அது எந்த ஆண்டு மதிப்பு, அதை இன்றைய மதிப்புக்குக் குறைக்கப் பயன்படுத்திய தள்ளுபடி விகிதம் என்ன என்பதை நீங்களே முதலில் எழுதிவிடுங்கள்.

தணிக்கையின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். அரசுப் பங்கு 51 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அது அரசு நிறுவனம் ஆகாது. தில்லியில் ஆணையத்தின் பங்கு 26 விழுக்காடு என்பதால், தணிக்கையாளர் அமைச்சகத்தின், ஆணையத்தின் கோப்புகள் வழியாகவே அத்திட்டத்தை எட்ட முடிந்தது. அரசுடன் வருவாய் பகிரும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வரவுக் கணக்கைத் தணிக்கை செய்யலாம் என்று 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், 49 விழுக்காடு அரசுப் பங்குள்ள தில்லி மின் பகிர்மான நிறுவனங்களைத் தணிக்கை செய்யச் சொன்ன மாநில அரசின் ஆணையை 2015 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்றம் இரத்து செய்தது. ஆகவே ஒப்பந்தத்தைப் படிக்கும்போது, அரசுக்குக் கணக்குகளைப் பார்க்கும் உரிமை எந்தக் கூறில் இருக்கிறது என்று தேடுங்கள். அப்படிப்பட்ட கூறே இல்லையென்றால், புதிய ஒப்பந்தங்களில் அதைச் சேர்க்கும்படி நிலைக்குழுவுக்கு அனுப்பும் மனுவில் அதுவே முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.

பொதுக் கணக்குக் குழு ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்காத தணிக்கைப் பத்திகளுக்கும் அமைச்சகம் நான்கு மாதங்களுக்குள் நடவடிக்கைக் குறிப்பு தர வேண்டும். குழுவின் பரிந்துரைகளுக்கு ஆறு மாதம் அவகாசம். அந்தத் தேதிகளை உங்கள் நாட்குறிப்பில் எழுதி வைத்து, கெடு முடிந்த வாரத்தில் அடுத்த கேள்விக்கான அறிவிப்பைத் தயார் செய்யுங்கள்.