பழைய ஆர்.வி. ஜெனரேட்டர்: தகட்டில் இருக்கும் எண்ணும் கையில் கிடைக்கும் மின்சாரமும்

அமெரிக்காவுக்கு வந்து ஓரிரு ஆண்டுகளில், பழைய மோட்டார் ஹோம் (ஆர்.வி. என்று சொல்லும், உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) ஒன்றை வாங்கிக் குடும்பத்தோடு தேசியப் பூங்காக்களைச் சுற்றிவர வேண்டும் என்ற ஆசை பலருக்கும் வந்துவிடுகிறது. வண்டி பார்க்கப் போனால், விற்பவர் பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்து காட்டுவார். "நாலாயிரம் வாட், அருமையாக ஓடுகிறது" என்பார். நானும் அப்படிப் பார்த்துத்தான் வாங்கினேன். முதல் பயணத்தில் ஏசியைப் போட்ட மூன்றாவது நிமிடம் ஜெனரேட்டர் முனகிக்கொண்டே நின்றுவிட்டது. சுமை இல்லாமல் ஓடுவது வேறு, சுமையோடு மணிக்கணக்கில் ஓடுவது வேறு. வாங்கும் முன்பே யாராவது எனக்கு இதைச் சொல்லியிருக்கலாம் என்று அன்று நினைத்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். இங்கே 'கேஸ் ஜெனரேட்டர்' என்றால் பெட்ரோலில் ஓடுவது. சமையல் எரிவாயுவில் ஓடுவதை ப்ரொப்பேன் ஜெனரேட்டர் என்பார்கள். ஆர்.வி. ஜெனரேட்டர் தயாரிக்கும் ஓனன் நிறுவனத்தின் ஒரே வரிசையில் பெட்ரோல் ரகம் 4000 வாட் என்றால் ப்ரொப்பேன் ரகம் 3600 வாட். எது உங்கள் வண்டியில் இருக்கிறது என்பதை இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் பாருங்கள்.

அந்தத் தகட்டு எண்ணை நம்பலாமா? பெரும்பாலும் நம்பலாம். கையில் தூக்கிச் செல்லும் ஜெனரேட்டர்களின் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் சில விநாடிகளுக்கு மட்டும் தரக்கூடிய உச்ச அளவு. வண்டியோடு பொருத்தி வரும் ஜெனரேட்டரில் இருப்பதோ தொடர்ந்து தரக்கூடிய அளவு. 4000 வாட்டை 120 வோல்ட்டால் வகுத்தால் 33 ஆம்பியர். 230 வோல்ட்டில் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் தடுமாறும். அதே வாட்டுக்கு இங்கே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடும். சுமை மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் விழுவது ஆம்பியரைப் பொறுத்தது என்பதால் இனி ஆம்பியரில் யோசிக்கப் பழகுங்கள்.

வயதானதால் பலம் குறைந்துவிட்டது என்று பலரும் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. மின்சாரம் தயாரிக்கும் செம்புச் சுருள்கள் இருபது ஆண்டுகளில் இளைத்துவிடுவதில்லை. பலத்தைத் தின்பது பராமரிப்பின்மை. மாதக்கணக்கில் ஓட்டாமல் விட்டால் கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாக உறைந்து நுண்துளைகளை அடைக்கிறது. சுமை ஏறும்போது எஞ்சினுக்கு வேண்டிய எரிபொருள் போவதில்லை. என் இயந்திரத்துக்கு நேர்ந்தது இதுதான். கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, காற்று வடிகட்டியையும் ஸ்பார்க் பிளக்கையும் மாற்றிய பிறகு அதே ஜெனரேட்டர் 3000 வாட்டை ஒரு மணி நேரம் அசையாமல் தாங்கியது. மாதம் ஒருமுறை, பாதிச் சுமையில், இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். சும்மா ஓடவிடுவதால் பயன் குறைவு.

உண்மையிலேயே பலத்தைக் குறைப்பது உயரம். மலையில் காற்று மெலிந்திருப்பதால் கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் சுமார் 3.5 சதவீதம் போய்விடும். 5280 அடி உயரத்தில் இருக்கும் டென்வரில் 4000 வாட் இயந்திரம் 3300 வாட் அளவில் நிற்கும். பத்தாயிரம் அடியைத் தாண்டிய லெட்வில்லில் 2600 வாட் கிடைத்தால் பெரிது. வெயில் இந்த அளவுக்குப் பறிப்பதில்லை. ஆனால் கடும் வெயிலில் ஏசி கூடுதலாக இழுக்கும் என்பதால் நெருக்கடி வேறு வழியில் வந்து சேரும்.

இனி மின்சாரச் செலவுக் கணக்கு. கூரையில் இருக்கும் 13,500 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி ஓடும்போது 1500 முதல் 1800 வாட் வரை எடுக்கும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு. மைக்ரோவேவில் 1000 வாட் என்று எழுதியிருப்பது சூட்டின் அளவு, அது இழுப்பது 1500 வாட் அளவுக்கு வரும். வாட்டர் ஹீட்டரின் சூடேற்றும் சுருள் 1440 வாட். நம்மவர்கள் மறப்பது, வண்டியின் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கன்வெர்டரை. பேட்டரி இறங்கியிருந்தால் அது சத்தமில்லாமல் 700 வாட்டுக்கு மேல் எடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே ஏசி ஓடும்போது மைக்ரோவேவையும் வாட்டர் ஹீட்டரையும் ஒன்றாகப் போடாதீர்கள். பிரேக்கரையும் கணக்கில் வையுங்கள்: மணிக்கணக்கில் ஓடும் சுமை அதன் அளவில் 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 30 ஆம்பியர் பிரேக்கர் என்றால் 24 ஆம்பியர், அதாவது 2880 வாட்.

வாங்கும் முன் சோதித்துப் பார்ப்பது எளிது. 1500 வாட் ஹீட்டர்கள் இரண்டும், சாக்கெட்டில் செருகி வோல்ட்டையும் ஹெர்ட்ஸையும் (மின்சாரத்தின் அதிர்வெண்) காட்டும் சிறிய மீட்டர் ஒன்றும் போதும். ஹீட்டர்களை வேறு வேறு சர்க்யூட்டில் செருகுங்கள். கன்வெர்டரும் சேர்ந்துகொள்ளும் என்பதை மறக்க வேண்டாம். பழைய வகை ஜெனரேட்டர் சுமையில்லாதபோது 62 ஹெர்ட்ஸ் வரை காட்டும், சுமை ஏறியதும் 60ஐ ஒட்டி இறங்கும், அது இயல்பு. 58க்கும் கீழே போனாலோ வோல்ட் 110க்குக் கீழே சரிந்தாலோ விலை பேசும் முன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். குறைந்த வோல்ட்டில் ஏசி கம்ப்ரஸர் கருகிவிடும். நல்ல நிலையில் உள்ள இயந்திரம் ஒரு மணி நேரம் ஒரே சீரான ஓசையில் ஓடும். இடையிடையே பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் சாக்கெட் தேய்ந்திருக்கிறது. சோதனையைத் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா, அதன் காலாவதித் தேதி தாண்டிவிட்டதா என்றும் பார்த்துவிடுங்கள். இதில் எந்தச் சமரசமும் வேண்டாம், புகைக்குழாயில் சிறு விரிசல் இருந்தாலே உயிருக்கு ஆபத்து.

தேசியப் பூங்காக்களின் முகாம்களில் ஜெனரேட்டர் ஓட்ட அனுமதிக்கும் நேரம் இடத்துக்கு இடம் மாறும், இரவில் பொதுவாக அனுமதி இல்லை. இரவு முழுவதும் ஏசி வேண்டுமென்றால் 30 ஆம்பியர் மின் இணைப்புள்ள இடத்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். பகலில், எல்லாம் சரியாக இருந்தும் ஜெனரேட்டர் திடீரென நின்றால், பதறுவதற்கு முன் பெட்ரோல் முள்ளைப் பாருங்கள். பல மோட்டார் ஹோம்களில் டேங்க் கால்வாசிக்கு இறங்கியதும் ஜெனரேட்டருக்குப் போகும் குழாய்க்கு எரிபொருள் எட்டாது. மிச்சம், உங்களை ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக வைத்திருப்பது.