கட்டப்படாத விமானத்தைத் தேடுகிறீர்களா? படத்தை விடுங்கள், கோப்பைப் பிடியுங்கள்

1918க்கும் 1939க்கும் இடையில் வரைபலகையோடு நின்றுபோன விமானங்கள் ஏராளம். இந்தத் தேடலுக்குள் வருகிறவர்களில் பலரும் இணையத்தில் எங்கோ ஒரு பிரம்மாண்டமான படத்தைப் பார்த்துவிட்டு, அதே படத்தை இன்னும் தெளிவாகக் கண்டுபிடிப்பதிலேயே மாதக்கணக்கில் ஓடிவிடுகிறார்கள். அந்தப் படம் நேற்று யாரோ கணினியில் வரைந்ததாக இருக்கலாம், பழைய படத்தைப் பார்த்து வரைந்ததைப் பார்த்து இன்னொருவர் வரைந்ததாகவும் இருக்கலாம். ஒரு விமானம் கட்டப்படவில்லை என்றால் பெரும்பாலும் யாரோ ஒருவர் அதைக் கேட்டிருக்கிறார், யாரோ ஒருவர் வேண்டாம் என்றிருக்கிறார். அந்த இரண்டு முடிவுகளுக்கும் காகிதம் இருக்கும். கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டே அந்தக் காகிதத்தில் பாதியை எட்டிவிடலாம்.

பிரிட்டிஷ் விமானங்களிலிருந்து தொடங்குங்கள், அதுதான் சுலபம். அங்கே விமான அமைச்சகம் தனக்கு என்ன வேண்டும் என்பதை எண் போட்டு எழுதி நிறுவனங்களுக்கு அனுப்பும். ஆர்.20/28 (R.20/28) என்றால் ஆர் உளவுப் பணியைக் குறிக்கும் (பறக்கும் படகுகள் பெரும்பாலும் இதற்குள் வரும்), 28 என்பது 1928, 20 என்பது அந்த ஆண்டின் வரிசை எண். எஃப் என்றால் போர் விமானம், பி என்றால் குண்டுவீச்சு விமானம். விமானத்தின் பெயரைவிட இந்த எண்தான் உங்களுக்கு வேலை செய்யும், ஏனென்றால் கோப்புகளின் தலைப்பில் நிறுவனத்தின் பெயர் பல நேரம் இருக்காது, எண் இருக்கும்.

சூப்பர்மரின் டைப் 179ஐ எடுத்துக்கொள்வோம். ஆர்.20/28 எண்ணோடு பிறந்த ஆறு எஞ்சின் பறக்கும் படகு அது. சவுத்தாம்ப்டன் வூல்ஸ்டனில் கட்டும் வேலையே தொடங்கிவிட்டது, அப்புறம் பொருளாதார மந்தத்தில் அரசு பணத்தை நிறுத்த, 1932 தொடக்கத்தில் கைவிட்டார்கள். ஆனால் அதற்கு ஜி-ஏபிஎல்இ (G-ABLE) என்ற சிவில் பதிவு எழுத்துகள் ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தன. பிரிட்டனின் சிவில் விமான ஆணையம் பழைய பதிவேட்டுப் பக்கங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பறக்காத விமானத்துக்கும் பதிவேட்டில் பக்கம் இருக்கலாம் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை.

அடுத்து லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். அதன் பட்டியலை வீட்டிலிருந்தே தேடலாம். ஏர் (AIR), ஏவியா (AVIA) என்று தொடங்கும் கோப்புத் தொடர்களில் தேடுங்கள், எண்ணைப் புள்ளியோடு ஒருமுறை, புள்ளியில்லாமல் ஒருமுறை. பெரும்பாலான கோப்புகள் ஸ்கேன் ஆகவில்லை. நகல் கேட்டால் பவுண்டில் கட்டணம், ரிங்கிட்டில் கணக்குப் பார்த்தால் கை நடுங்கும். ஆனால் நம் குடும்பங்களில் யாராவது ஒரு பிள்ளை இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருப்பது சகஜம்தானே? வாசகர் அட்டை இலவசம், சொந்தக் கேமராவில் படமெடுப்பதும் இலவசம். கோப்பு எண்ணைச் சரியாக எழுதிக் கொடுங்கள், கோப்பின் அட்டையையும் சேர்த்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். எந்தத் தாள் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பது தெரியாவிட்டால் அந்தப் படத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது.

எஞ்சினைக் கவனியுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். ஒரு திட்டம் எப்போது எழுதப்பட்டது, ஏன் செத்தது என்ற இரண்டு கேள்விக்கும் பல நேரம் எஞ்சின்தான் பதில். ஹேண்ட்லி பேஜ் எச்.பி.56 இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் வல்ச்சர் எஞ்சின்களை நம்பி பி.13/36க்காக வரையப்பட்டது, அது கட்டப்படவில்லை. நான்கு மெர்லின் எஞ்சின்களுக்கு மாற்றி வரைந்த எச்.பி.57தான் ஹாலிஃபேக்ஸ் குண்டுவீச்சு விமானம் ஆனது. ஒரு நிறுவனத்தின் எண் வரிசையில் நடுவே ஒரு எண் காணோம் என்றால் அங்கே நின்று தேடுங்கள்.

ஜெர்மன் திட்டங்கள் வேறு மாதிரி. முதல் உலகப் போருக்குப் பின் வந்த வெர்சாய் ஒப்பந்தம் ராணுவ விமானங்களைத் தடை செய்ததால் ஜங்கர்ஸ் மாஸ்கோ அருகே ஃபிலியிலும் ஸ்வீடனின் லிம்ஹாம்னிலும் வேலை செய்தது, டோர்னியர் இத்தாலியின் மரினா டி பீசாவுக்குப் போனது. அதனால் ஜெர்மன் விமானத்தை ஜெர்மன் மொழியில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். ஜங்கர்ஸ், ஹைன்கல் நிறுவன ஆவணங்கள் மியூனிக்கில் டாய்ச்சஸ் மியூசியத்தில் இருக்கின்றன. பிரெஞ்சுக்குக் காலிகா (Gallica) என்ற பிரான்ஸ் தேசிய நூலகத்தின் மின்தொகுப்பு போதும், லெ ஸெல் (Les Ailes) போன்ற பழைய விமான இதழ்கள் அங்கே இலவசம். மொழி தெரியாவிட்டாலும் படத்தின் கீழே உள்ள இரண்டு வரியைக் கருவி மொழிபெயர்த்துவிடும்.

காப்புரிமைக்கு எஸ்பாஸ்நெட் (Espacenet) என்ற ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளம். விமானங்களுக்கான பி64சி (B64C) என்ற வகையில் 1919 முதல் 1939 வரை என்று தேதி போட்டுத் தேடுங்கள். ஆனால் காப்புரிமையில் இருக்கும் படம் ஒரு யோசனையைக் காப்பாற்ற வரைந்தது, அதை ஒரு விமானத்தின் வரைபடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நம் பக்கத்தில் இருக்கும் புதையல் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பு. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் பினாங்கின் ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோவும் அதில் உண்டு, சில இதழ்களை மட்டும் நூலகத்துக்கு நேரில் போய்த்தான் பார்க்க முடியும். 1935இல் பாயான் லெப்பாஸ் விமான நிலையம் திறந்தது, 1937இல் வேர்ன்ஸ் நிறுவனம் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு என்று பறக்கத் தொடங்கியது. மலாயா வாசகருக்கு விமானம் என்றாலே ஆர்வம் பொங்கிய காலம். தேடும்போது விமானத்தின் பெயரைப் போடாதீர்கள், ஸ்கேன் எழுத்துப்பிழையில் பெயர்தான் முதலில் சிதையும். செய்தியாளர் எழுதியிருக்கக்கூடிய சொற்களைப் போடுங்கள்: பறக்கும் படகு, ஆறு எஞ்சின், சவுத்தாம்ப்டன், எல்லாம் ஆங்கிலத்தில். அறிவிப்பு எப்போது வந்தது என்பதற்கு நாளிதழை நம்பலாம். எடை, வேகம் என்று அது சொல்லும் எண்களை நம்ப வேண்டாம்.

எண்கள் என்றதும் இன்னொன்று. இம்பீரியல் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர். ஜெர்மன் குதிரைத்திறன் பிரிட்டிஷ் அளவைவிடக் கொஞ்சம் சின்னது. மூலத்தில் இருந்த அலகை அப்படியே குறித்துவைத்து, மாற்றிய எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள்.

யாரும் கேட்காமலே பிறந்த திட்டங்களும் உண்டு. 1929இல் அமெரிக்க வடிவமைப்பாளர் நார்மன் பெல் கெடஸ், விமானப் பொறியாளர் ஓட்டோ கோலருடன் சேர்ந்து வரைந்த ஏர்லைனர் நம்பர் 4க்கு இறக்கை அகலம் 528 அடி, அதாவது இன்றைய ஏர்பஸ் ஏ380 பயணிகள் விமானத்தைப் போல இரண்டு மடங்கு. இதற்கு அமைச்சகக் கோப்பைத் தேடிப் பயனில்லை. வடிவமைப்பாளரின் சொந்தத் தாள்களைத்தான் தேட வேண்டும், அவை டெக்சாஸ் ஆஸ்டினில் ஹேரி ரேன்சம் மையத்தில் இருக்கின்றன.

கடைசியாக, நீங்கள் எழுதிவைக்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் பக்கத்தில் அதன் நிலையைக் குறியுங்கள்: வெறும் வரைபடமா, காற்றுச்சுரங்க மாதிரி வரை போனதா, கட்டத் தொடங்கி நின்றதா. சூப்பர்மரின் 317 குண்டுவீச்சு விமானத்தின் முடிவடையாத முன்மாதிரிகள் 1940 செப்டம்பரில் வூல்ஸ்டன் ஆலை மீது விழுந்த குண்டுகளில் அழிந்தன. அதையும் வெறும் காகிதத்தில் நின்ற ஒன்றையும் ஒரே பட்டியலில் ‘கட்டப்படாதவை’ என்று போட்டால், அந்த ஆலையில் தகடு வெட்டியவர்களின் உழைப்பு கணக்கிலேயே வராமல் போய்விடும்.