குடலிறக்கம்: தள்ளிப்போடுவதில் தொடங்கும் தவறுகள்

ஈரோட்டில் மஞ்சள் மூட்டை இறக்குகிறவர், சோமனூரில் தறிக்குப் பாவு பீம் தூக்கி வைக்கிறவர், பொள்ளாச்சிப் பக்கம் லாரிக்குத் தேங்காய் ஏற்றுகிறவர், திருப்பூரில் பனியன் துணிக் கட்டு சுமக்கிறவர் என உடம்பை நம்பிப் பிழைக்கும் ஆட்கள் கொங்கு நாட்டில் ஏராளம். தொடை இடுக்கில் ஒரு புடைப்பு தோன்றினால் அவர்கள் செய்யும் முதல் காரியம், அதை வேட்டிக்குள் மறைப்பது. மனைவிக்குக்கூடச் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் கடத்துகிறவர்கள் உண்டு. கேட்டால், "படுத்தால் உள்ளே போய்விடுகிறதுங்க, வலியும் இல்லைங்க" என்பார்கள். மஞ்சள் அறுவடை முடியட்டும், மகள் கல்யாணம் முடியட்டும், ஊர்த் தேர் முடியட்டும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போகும்.

குடலிறக்கம் பெரும்பாலும் அவசரமில்லாத நோய்தான். நிதானமாக யோசித்து, நாள் பார்த்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, செலவுக்கு வழி செய்துகொண்டு சரிசெய்யலாம். ஆனால் அந்த அவகாசம் எப்போது முடியும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. என்றைக்காவது குடல் மாட்டிக்கொண்டால், அதன்பிறகு கணக்கு மணி நேரத்தில்தான். நான் பார்த்தவரை, இந்த நோயில் மக்கள் செய்யும் தவறுகள் இரண்டே வகை: அவகாசம் இருக்கும்போது அதை வீணடிப்பது, அவகாசம் தீர்ந்த பிறகும் இருப்பதாக நினைத்துக்கொள்வது.

வயிற்றுச் சுவர் தசையாலும் உறுதியான சவ்வுகளாலும் ஆனது. அதில் இயற்கையாகவே பலவீனமான சில இடங்கள் உண்டு. தொடை இடுக்கு, தொப்புள், பழைய அறுவைத் தழும்பு ஆகியவை அவற்றில் முக்கியமானவை. நைந்த சாக்கின் தையல் வழியே சரக்கு பிதுங்குவதுபோல, அந்த இடங்களில் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்போ குடலோ வெளியே தள்ளிக்கொண்டு வருவதுதான் குடலிறக்கம். வயிற்றுச் சுவரில் வருபவற்றில் நான்கில் மூன்று பங்கு தொடை இடுக்கில் வருபவை. மருத்துவச் சீட்டில் 'இன்குவைனல் ஹெர்னியா' என்று எழுதியிருக்கும். ஆண்களில் நான்கில் ஒருவருக்காவது வாழ்நாளில் இது வருகிறது. பெண்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான்.

பாரம் தூக்கியதால்தான் வந்தது என்று முடிவுகட்டி அத்தோடு நின்றுவிடுவது பலரும் செய்யும் பிழை. பாரம் ஒரு காரணம், அவ்வளவே. பிறவியிலேயே அந்த இடம் பலவீனமாக அமைந்திருக்கலாம். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இருந்திருக்கலாம். பீடி, சிகரெட்டால் வந்த ஓயாத இருமல், பஞ்சாலைத் தூசியில் பல ஆண்டு நின்றதால் வந்த இருமல், நாள்பட்ட மலச்சிக்கல், அறுபதைக் கடந்தவர்களுக்கு புரோஸ்டேட் வீங்கிச் சிறுநீருக்கு முக்கும் நிலை ஆகிய எல்லாமே அந்தச் சுவரை உள்ளிருந்து இடித்துக்கொண்டிருப்பவை. புடைப்பை மட்டும் காட்டி, இரவில் நான்கு முறை எழுந்து போவதை டாக்டரிடம் சொல்லாமல் விட்டால், அறுவைக்குப் பிறகு சிறுநீர் அடைத்துக்கொண்டு டியூப் போட வேண்டிவரலாம். இருமலைச் சரிசெய்யாமல் தைத்தால் மறுபடியும் வர வழி இருக்கிறது. கூச்சப்படாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

பரிசோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல சர்ஜன் உங்களை எழுந்து நிற்கச் சொல்வார். உள்ளாடையை இறக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, விரல்களை இடுக்கில் வைத்துக்கொண்டு, "முகத்தைத் திருப்பி இருமுங்கள்" என்பார். இருமும்போது விரலில் ஓர் இடி வந்து மோதும். பிறகு படுக்கச் சொல்லி, அது தானாக உள்ளே போகிறதா என்று பார்ப்பார். விரைப்பை வீங்கியிருந்தால் அதன் மேற்பகுதியைப் பிடித்துப் பார்த்து, டார்ச் அடித்தும் பார்ப்பார். நீர் கோத்த வீக்கமாக இருந்தால் வெளிச்சம் ஊடுருவும், குடல் இறங்கியிருந்தால் பெரும்பாலும் ஊடுருவாது. பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். இந்த ஐந்து நிமிடத்துக்கு வெட்கப்பட்டு, நேராக ஸ்கேன் சென்டருக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். படுத்த நிலையில், இருமச் சொல்லாமல் எடுத்த ஸ்கேனில் 'ஒன்றுமில்லை' என்று வந்தால் அதை நம்பி இருந்துவிடுகிறார்கள். நின்றால் புடைக்கிறது என்றால் நின்றபடியே சர்ஜனிடம் காட்டுங்கள்.

உடனே அறுவை வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டாம். ஆண்களுக்குத் தொடை இடுக்கில் வந்த, வலி இல்லாத அல்லது லேசான தொந்தரவே உள்ள குடலிறக்கத்தைக் கண்காணித்துக்கொண்டு இருக்கலாம். வட அமெரிக்காவில் இத்தகைய ஆண்களை வைத்து நடந்து 2006இல் வெளியான ஆய்வு ஒன்றில், திடீரென்று குடல் மாட்டிக்கொள்வது ஆண்டுக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவாகவே நேர்ந்தது. அதே ஆட்களைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்தபோது மூன்றில் இரண்டு பேர் கடைசியில் அறுவைக்கு வந்துவிட்டார்கள். பெரும்பாலும் வலி அதிகமானதுதான் காரணம். ஆக, பயந்து ஓட வேண்டியதும் இல்லை, 'இது இப்படியே இருந்துவிடும்' என்று நம்பவும் முடியாது. கண்காணிப்பது என்பது டாக்டரிடம் காட்டி, ஆபத்து அறிகுறிகளைத் தெரிந்துகொண்டு, குறித்த இடைவெளியில் மறுபடி போய்க் காட்டுவது. யாரிடமும் காட்டாமல் இருப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

நீங்கள் இருக்கும் இடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கோவை நகரில் வசிப்பவர் நள்ளிரவிலும் அரை மணியில் சர்ஜனிடம் போய்விடுவார். வால்பாறையிலிருந்து ஆழியாருக்கு இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகள்; தாளவாடிக்காரர் சத்தியமங்கலம் வர திம்பத்தில் 27 வளைவுகள். தேயிலைத் தோட்டத்திலும் மலைக் கிராமத்திலும் இருப்பவர்கள் காத்திருப்பதைவிட, தோதான ஒரு நாளில் அறுவையை முடித்துக்கொள்வது நல்லது.

பெல்ட் போட்டுச் சமாளிப்பது அடுத்தது. லங்கோடு இறுக்கிக் கட்டுவதும் அதே வகைதான். பெல்ட் ஓட்டையை மூடாது. குடல் முழுவதும் உள்ளே போகாத நிலையில் அதன்மேல் பெல்ட்டை இறுக்கினால், குடலையே அழுத்துகிறது, தோல் புண்ணாகும். அறுவை செய்யவே முடியாத உடல்நிலை உள்ளவருக்கு, டாக்டர் சொன்னால் மட்டும் அது உதவும். எண்ணெய், லேகியம், பத்து, மாத்திரை, ஆசனம் எதுவும் பெரியவர்களின் ஓட்டையை அடைக்காது. குழந்தைகளுக்குத் தொப்புளில் வருவது பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானாக மூடிவிடும். அதைப் பார்த்துவிட்டுப் பாட்டிமார் பெரியவர்களுக்கும் அப்படியே சொல்கிறார்கள், பெரியவர்களுக்கு மூடாது.

பெண்கள் விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. இது ஆண்களின் நோய் என்ற எண்ணம் வீடுகளில் அப்படியே இருக்கிறது. பெண்களுக்குத் தொடை இடுக்குக்குச் சற்றுக் கீழே, தொடையின் மேற்பகுதியில் ஒரு வகைக் குடலிறக்கம் ஆண்களைவிட அதிகம் வருகிறது. அதன் பெயர் ஃபெமரல் ஹெர்னியா. அது வெளிவரும் துளை குறுகலானது, விளிம்பு கடினமானது. அதனால் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். இந்த வகையில் பத்தில் நான்கு பேர் வரை அவசர நிலையில்தான் முதன்முதலாக ஆஸ்பத்திரிக்கே வருகிறார்கள். கட்டி சிறியதாக இருக்கும், நெறி கட்டியது என்று விட்டுவிடுவார்கள். அறுபது எழுபது வயது அம்மாவுக்கு ஒரு நாளாக வாந்தி, வயிறு உப்பல் என்றால் பக்கத்து கிளினிக்கில் வாந்திக்கு ஊசி போட்டு அனுப்புவார்கள். அவரும் சேலையை விலக்கி இடுக்கைக் காட்ட மாட்டார், யாரும் கேட்கவும் மாட்டார்கள். வயதான பெண்மணிக்கு வாந்தியும் வயிற்று வலியும் சேர்ந்து வந்தால், தொடை இடுக்கில் கட்டி இருக்கிறதா என்று வீட்டிலுள்ள பெண்கள் கேட்டுப் பாருங்கள். பெண்களுக்கு இடுக்கில் குடலிறக்கம் என்று தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும் காத்திருக்காமல் அறுவை செய்வதையே மருத்துவர்கள் சொல்வார்கள்.

சிசேரியன், கர்ப்பப்பை அகற்றிய அறுவை ஆகியவற்றின் தழும்பில் வரும் புடைப்பு வேறு. 'பிள்ளை பெற்ற வயிறு அப்படித்தான்' என்று விட்டால் ஓட்டை அகலமாகிக்கொண்டே போகும், பிறகு அறுவையும் பெரிதாகும். பிரசவத்துக்குப் பிறகு நடு வயிற்றுத் தசைகள் விலகி, எழும்போது மேடு கட்டுவது குடலிறக்கம் அல்ல. அதற்குப் பயிற்சிகள் உதவும். இரண்டையும் பிரித்துச் சொல்வது டாக்டர் வேலை.

மாட்டிக்கொண்ட இரவு

வழக்கமாக உள்ளே போகும் புடைப்பு போகவில்லை. கல்லாக இறுகியிருக்கிறது, தொட்டால் வலி தாங்கவில்லை, வலி ஏறிக்கொண்டே போகிறது. வாந்தி வருகிறது, வயிறு உப்புகிறது, காற்றும் பிரியவில்லை. மேலே தோல் சிவக்கிறது அல்லது கறுக்கிறது, காய்ச்சலும் வருகிறது. இவை எல்லாம் சேர்ந்து வரும்வரை காத்திருக்க வேண்டாம். உள்ளே போகாத புடைப்பும் வலியும் இருந்தாலே கிளம்பிவிட வேண்டும். குடலின் ஒரு பக்கச் சுவர் மட்டும் சிக்கியிருந்தால் மலமும் காற்றும் போய்க்கொண்டே இருக்கும், உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கும். ரத்த ஓட்டம் நின்ற குடல் சில மணி நேரத்தில், ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள், அழுகத் தொடங்கிவிடலாம்.

தோட்டத்துச் சாளையில் இரவு பத்து மணிக்கு இது நேர்ந்தால் என்ன நடக்கிறது? வாயு என்று முதலில் சோடா. பிறகு ஓமத் தண்ணீர். மலம் போகவில்லை என்பதால் விளக்கெண்ணெய். யாரோ ஒருவர், குடலேற்றம் எடுக்கத் தெரிந்தவரைக் கூட்டிவருகிறார். வயிற்றில் எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவுகிறார்கள். புடைப்பையும் பிடித்து உள்ளே தள்ளப் பார்க்கிறார்கள். விடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வலி மாத்திரை. இவை ஒவ்வொன்றும் தவறு. அடைத்த குடலுக்குப் பேதி மருந்து கொடுத்தால் வலியும் வாந்தியும் மோசமாகும், குடல் கிழியவும் கூடும். பலவந்தமாகத் தள்ளினால் செத்துக்கொண்டிருக்கும் குடல் வயிற்றுக்குள் போய்விடும். வெளியே புடைப்பு மறைந்ததும் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போவார்கள், உள்ளே சீழ் பரவும்.

செய்ய வேண்டியது எளிது. சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருப்பது நல்லது. 108ஐ அழையுங்கள், அல்லது கிடைக்கும் காரில் கிளம்புங்கள். இரவில் சர்ஜனும் மயக்க மருந்து நிபுணரும் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். வழியில் ஒவ்வொரு கிளினிக்காக நிறுத்தினால் நேரம்தான் போகும். கோவை, திருப்பூர், பெருந்துறை, கரூர், நாமக்கல், சேலம் ஆகிய இடங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. போனவுடன், "இடுக்கில் குடலிறக்கம் இருந்தது, இன்றைக்கு உள்ளே போகவில்லை" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும்.

அறுவையைப் பற்றிய பயங்களில் சிலவற்றுக்கு அடிப்படையே இல்லை, சிலவற்றுக்கு இருக்கிறது. ஆண்மை போய்விடும் என்பது முதல் வகை. தாம்பத்தியத்துக்கு இது தடையாவதில்லை. விரைக்குப் போகும் ரத்தக் குழாய் பாதிக்கப்படுவது அரிது. ஓட்டையின் மேல் வைத்துப் பலப்படுத்தும் மெஷ் எனப்படும் வலை 1980களிலிருந்து பரவலாகப் பயன்படுகிறது. அதைப் போடுவதால்தான் திரும்ப வருவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் அறுவைக்குப் பிறகு நூறில் பத்துப் பேருக்குச் சில மாதங்கள் தாண்டியும் இடுக்கில் ஓரளவு வலி நிற்கக்கூடும் என்பது உண்மை. தொந்தரவே இல்லாத ஆணை அவசரப்படுத்தக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பிதான் உயர்ந்தது, இடுக்கில் அறுத்துத் திறந்து செய்வது பழையது என்று நினைக்கவும் வேண்டாம். இரண்டு பக்கமும் இருந்தாலோ, முன்பு திறந்து செய்த இடத்தில் மறுபடி வந்தாலோ, பெண்களுக்கோ லேப்ராஸ்கோப்பி பொருத்தமானது; அதற்குப் பொதுவாக முழு மயக்கம் தேவை. இதயம், நுரையீரல் பலவீனமான முதியவருக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து திறந்து செய்வதே பாதுகாப்பு. எந்த முறையில் உங்கள் சர்ஜனுக்குக் கை பழகியிருக்கிறது என்று கேளுங்கள். செலவைப் பொறுத்தவரை, ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. உங்களுக்கான அறுவை அதில் வருமா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். புகைப்பவர் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.

வீடு திரும்பியதும் படுத்தே கிடப்பது தவறு. அன்றைக்கோ மறுநாளோ நடக்கத் தொடங்குங்கள். கடை, ஆபீஸ் வேலைக்கு ஓரிரு வாரத்தில் போகலாம். மூட்டை தூக்குவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்கச் சொல்வது வழக்கம்; மேஸ்திரி கூப்பிட்டார் என்று பத்தாம் நாளே போகாதீர்கள். தையலைச் சுற்றி மரத்துப்போவது, விரைப்பை சில நாள் நீலம் பாய்ந்து வீங்குவது, அறுத்த இடத்தில் நீர் கோத்துப் பழைய புடைப்பு போலவே தெரிவது எல்லாம் பெரும்பாலும் தானாக அடங்கும். காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டே போகும் வீக்கம், சிறுநீர் வராமல் இருப்பது, நிற்காத வாந்தி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மறு பரிசோதனைத் தேதி வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.