வண்டிக்கு அடியில் கருகல் வாசனை

பிப்ரவரி கடைசி. பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து அல்சூர் வந்து, வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் காரை நிறுத்தினேன். தரையெல்லாம் காய்ந்த புல், சருகு. இறங்கியதும் கருகல் வாசனை. குனிந்து பார்த்தால் வண்டிக்கு அடியில் புல் புகைகிறது! உடனே காரை சிமெண்ட் தரைக்கு நகர்த்திவிட்டு, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். பிள்ளைகள் விளையாடும் இடம் அது. இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது.

வண்டிக்கு அடியில், இன்ஜின் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்தான் காரணம். ஓடும்போது சாதாரணமாகவே அது 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கும். இன்ஜினில் பெட்ரோல் எரியும் ஒரு சிலிண்டரில் தீப்பொறி தவறினால், எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரியும். சூடு 1000 டிகிரியைக்கூடத் தாண்டலாம். இரண்டு வாரமாக வண்டி திணறியது, இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. பெட்ரோலில் ஏதோ கலப்படம் என்று நினைத்து விட்டுவிட்டேன். பெரிய தவறு.

மறுநாள் வண்டியை எடுக்கவில்லை. தருமபுரிக்கார மெக்கானிக் அண்ணன் வீட்டுக்கே வந்து ஸ்கேனர் போட்டார். பிழை எண் பி0302, அதாவது இரண்டாம் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை (மிஸ்ஃபயர்). “விளக்கு மின்னினா ஓட்டவே கூடாது தம்பி” என்றார். தீப்பொறி பிளக்குக்கு மின்சாரம் தரும் அந்த சிலிண்டரின் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றிப் பார்த்தார். பிழை எண் பி0303 ஆனது, கோளாறும் காயிலோடு மூன்றாம் சிலிண்டருக்குப் போனது. சரி, காயில்தான் போயிருக்கிறது. புதுக் காயில், நான்கு பிளக் போட்டோம். கன்வெர்ட்டரைத் தட்டிப் பார்த்தார், உள்ளே எதுவும் உடைந்து குலுங்கவில்லை. அதன் வெப்பத் தடுப்புத் தகடு ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அதையும் புது போல்ட் போட்டு முடுக்கினார். அப்புறம் விளக்கு மின்னவில்லை.